போலியோ போய்விட்டது, பலவீனம் போகவில்லை

நம்ம ஊர்களில் அறுபது வயதைக் கடந்த சிலரை எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பியவர்கள். அந்தக் காலோடு சைக்கிள் மிதித்து, வயல் செய்து, பிள்ளைகளை ஆளாக்கினார்கள். இப்போது நல்ல காலும் தளர்கிறது என்கிறார்கள். "வயசு போச்சு" என்று நாம் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் அதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

1962இல் இலங்கையில் போலியோ பெருந்தொற்றாகப் பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்தது. இந்த வைரஸ் முள்ளந்தண்டிலுள்ள, தசையை இயக்கும் நரம்புக் கலங்களை அழிக்கிறது. தப்பிய கலங்கள் புதுக் கிளை விட்டு, இறந்தவற்றின் வேலையையும் சுமக்கின்றன. பல வருடங்கள் இரட்டைச் சுமை சுமந்து அவை களைக்கும்போது பலவீனம் திரும்புகிறது. 1875இலேயே பிரான்ஸ் மருத்துவர்கள், குழந்தையில் போலியோ வந்து தப்பிய 19 வயதுத் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரிடம் இதைக் கண்டு எழுதினார்கள். வைரஸ் திரும்பி வருவதில்லை. இது யாருக்கும் தொற்றாது.

நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். ஆனாலும் அயல்நாடான இந்தியாவில் வைரஸ் உலாவியது. 1995 முதல் தேசிய தடுப்பு மருந்து தினங்கள் நடந்தன. அப்போது 1990இல் வெளியேற்றப்பட்ட நாங்கள் புத்தளம் முகாம்களில். தமிழ் உறவுகள் வன்னியில், யுத்தத்துக்குள். எல் சல்வடோரில் 1985இல் செய்ததுபோல, இங்கும் இரு தரப்பும் இணங்கி அந்த நாட்களில் துப்பாக்கிகளை நிறுத்தின. வேறு எதிலும் உடன்படாதவர்கள் பிள்ளைகளின் கால்களுக்காக உடன்பட்டார்கள். அங்கும் இங்கும் பிள்ளைகளின் வாயில் விழுந்தது ஒரே சொட்டுத்தான். 2014 மார்ச் 27இல் உலக சுகாதார நிறுவனம் நமது பிராந்தியத்தைப் போலியோ அற்றதென அறிவித்தது.

ஆகவே இரண்டு விடயங்கள். தளர்கிறது என்று சொல்லும் பெரியவரை "நல்லா நடங்க, சரியாகும்" என்று விரட்டாதீர்கள். களைக்கக் களைக்க உழைத்தால் பலவீனம் கூடும். வேலையைப் பிரித்து, இடையிடையே ஓய்வு கொடுங்கள். வேறு நோய்களாலும் தசை தளரலாம். அதனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், சிறுவயதில் போலியோ வந்ததையும் டொக்டரிடம் சொல்லுங்கள். முழுதாக மாற்றும் மருந்து இல்லை. பிசியோதெரபியும் பொருத்தமான ஊன்றுகோலும் உதவும். விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமென்றால் தாமதிக்க வேண்டாம்.

மற்றது, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். யுத்தத்துக்குள்ளும் தவறவிடாததை, சமாதான காலத்தில் கவலையீனத்தால் தவறவிடக்கூடாது.