மோட்டார் சைக்கிளுக்கு மின்னொளி வந்த வரலாறு

பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிளில் இரவு வேளையிற் பயணஞ் செய்தவர்கள் அறிந்த காட்சி ஒன்றுண்டு. புறப்படும்போது வெண்மையாய் ஒளிர்ந்த முன்விளக்கு, சில மைல் சென்றதும் மஞ்சள் நிறங் கொள்ளும், பின்னர்ச் சிவக்கும், ஈற்றில் மின்குமிழினுள்ளே செந்நிற இழையொன்று மட்டுமே தெரியும். இயந்திரமோ யாதொரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரத்தோடு மின்பிறப்பாக்கியுஞ் சுழல்கின்றதே, அவ்வாறாயின் விளக்கு அணைவது ஏன் என்று ஓட்டுநர் திகைப்பார்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இவ்வினாவுக்கு வேடிக்கையான விடையொன்று வழங்குகின்றது. பிரித்தானிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு மின்கருவிகளைச் செய்தளித்தது பேர்மிங்காம் நகரத்து லூக்காஸ் நிறுவனமாகும். அதன் நிறுவனராகிய யோசேப்பு லூக்காசுக்கு ‘இருளின் இளவரசர்’ என்னும் பட்டத்தைச் சூட்டிச் சிரிப்பது அங்குள்ளோர் வழக்கம். ‘சாலையின் அரசன்’ என்ற பெயரில் சைக்கிள் விளக்குகளை விற்றுப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புகழ்பெற்ற ஒருவருக்கு இப்பட்டம் கிடைத்தது விதியின் விளையாட்டுப் போலும். நகைச்சுவை நன்று. ஆயின், அது நியாயமானதுதானா என்பதை இப்பேச்சிற் பார்ப்போம்.

மின்னூட்டத்தின் சிக்கல் ஒரு குடும்பத்தின் வரவு செலவுச் சிக்கலை ஒத்தது. இயந்திரம் விரைந்து சுழலும்போது மின்சாரம் மிகுதியாய்ப் பிறக்கும். மெல்லச் சுழலும்போது குறையும். செலவு அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பகலில் அது சிறிது, இரவிற் பெரிது. மிகுந்ததைப் பற்றரியில் இட்டுவைத்து, குறைந்தவிடத்து அதிலிருந்து எடுத்தல் வேண்டும். இதனைச் செம்மையாகச் செய்யுங் கருவியை மோட்டார் சைக்கிளிற் பொருத்துவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அந்த அரை நூற்றாண்டில் நேர்ந்த அரைகுறைத் தீர்வுகளின் கதையே இவ்விருளின் கதை என்பது என் கருத்து.

தொடக்கத்தில் இத்தொல்லை இருக்கவில்லை, மின்விளக்கே இருக்கவில்லை. கல்சியங் காபைட்டுக் கற்களின்மீது நீர் துளித்துளியாய் விழ, அதினின்றெழும் அசற்றலீன் வாயு எரிந்து ஒளி தந்தது. மணமும் அழுக்கும் உண்டெனினும் அவ்வொளி வெண்மையானது. மின்சாரம் வேண்டப்பட்டது இயந்திரத்தினுள்ளே எரிபொருளைப் பற்றவைக்குந் தீப்பொறிக்கு மட்டுமே. பரடே 1831ஆம் ஆண்டிற் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலைக் கொண்டு, ஸ்ருட்காட் நகரில் ரொபேட் பொஷ் என்பாரின் தொழிலகத்திற் பணியாற்றிய கொட்லோப் ஹொனோல்ட் 1902ஆம் ஆண்டில் உயரழுத்த மக்னீற்றோவை உருவாக்கினார். நிலைக்காந்தமும் சுருளும் ஒன்றுக்கொன்று எதிர்நின்று சுழல, பற்றரியின் துணை சிறிதுமின்றித் தீப்பொறி பிறந்தது. இது பெரும் விடுதலை. 1914ஆம் ஆண்டிற் போர் மூண்டு ஜேர்மனிய மக்னீற்றோக்கள் வாராது நின்றபோதுதான், பிரித்தானியா அவற்றையே எவ்வளவு நம்பியிருந்தது என்பது வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே லூக்காஸ் நிறுவனம் தொம்சன்-பெனெற் என்னும் மக்னீற்றோத் தொழிலகத்தை வாங்கிக்கொண்டது.

அதே 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் துணிகரமான முயற்சியொன்று நடந்தது. அங்கே ‘இந்தியன்’ என்ற பெயருடைய மோட்டார் சைக்கிள்கள் செய்யப்பட்டன. பெயரைக் கண்டு நம் அயல்நாட்டை நினைக்க வேண்டா. அமெரிக்கப் பழங்குடியினரைக் குறித்த பெயர் அது. அந்நிறுவனம் மின்விளக்குகளோடு மின்னாற் கிளப்பும் பொறியையுங் கொண்ட வண்டியொன்றை வெளியிட்டது. காலால் உதைக்கவேண்டிய வேலையைப் பற்றரி செய்துவிடும் என்பது எண்ணம். அதற்கென ஆறு வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டு பொருத்தப்பட்டன. ஆனால் அக்காலத்துப் பற்றரிகள் அதிர்வையும் பாரத்தையுந் தாங்கவில்லை. ஓராண்டோடு அம்முயற்சி கைவிடப்பட்டது. மின்சாரத்தைப் பிறப்பித்தல் எளிது, பேணிவைத்தலே அரிது என்பதை அந்த வண்டி எல்லார்க்குங் காட்டிற்று.

போருக்குப் பின்னர், 1920களில், லூக்காஸ் நிறுவனத்தின் ‘மக்டைனோ’ வந்தது. மக்னீற்றோவின் முதுகின்மேல் தைனமோவொன்றை ஏற்றிக் கட்டி, இரண்டையும் பற்சில்லுகளால் இணைத்த கருவி அது. தீப்பொறிக்கு மக்னீற்றோ, விளக்குக்குத் தைனமோ என வேலைகள் பிரிந்தே நின்றன. பற்றரி அடியோடு வற்றினாலும் வண்டி நில்லாது. இருட்டிலேனும் வீடு வந்து சேரலாம். இந்தச் சுதந்திரத்தை மனதிற் கொள்க. பின்னர் இது பறிபோகும்.

தைனமோவின் வேகம் ஏறினால் அழுத்தமும் ஏறும். அதனைத் தடுத்தல் எங்ஙனம்? முதலிற் கண்ட வழி மூன்றாவது தூரிகை. தைனமோவிலிருந்து மின்னைப் பெறுவதற்குக் காபன் தூரிகைகள் இரண்டு உண்டு. அவற்றிடையே மூன்றாவதொன்றை வைத்து, காந்தப்புலச் சுருளுக்கு அதன்வழியே மின்னை அளித்தனர். உற்பத்தி மிகும்போது சுழலியின் சொந்தக் காந்தவிளைவு புலத்தைத் திரித்து, மூன்றாந் தூரிகையிற் கிடைக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். அதனாற் புலம் நலிந்து, உற்பத்தி தானே அடங்கும். அழகிய உபாயந்தான். ஆயினும் அதற்குப் பற்றரி நிறைந்ததா, வறிதா என்பது தெரியாது. நிறைந்த பற்றரிக்கும் ஊட்டிக்கொண்டேயிருக்கும். எனவே ஓட்டுநரே ஆளியைத் திருப்பி, பகலில் அரை ஊட்டம், இரவில் முழு ஊட்டம் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவர் மறந்து நெடுந்தூரம் பகலில் ஓடினால் பற்றரியின் அமிலநீர் கொப்பளித்து வற்றும். பற்றரிக்குச் செல்லும் கம்பி கழன்றுவிட்டாலோ அழுத்தம் எல்லை கடந்து ஏறிக் குமிழ்களைக் கருக்கிவிடும். குமிழ் கருகியதைக் கண்டவர் குமிழைக் குறைகூறுவார். கழன்ற கம்பியைத் தேடார்.

1930களின் நடுப்பகுதியில் ஒழுங்காக்கிப் பெட்டி வந்தது. அதனுள்ளே மின்காந்தங்களால் இயங்கும் இரண்டு தொடுகைகள் உண்டு. ஒன்று கட்-அவுட் எனப்படுவது. தைனமோவின் அழுத்தம் பற்றரியினதை மிஞ்சும்போது மட்டும் அது இரண்டையும் இணைக்கும்; வண்டி நின்றதும் பிரித்துவிடும். அது பிரியாவிடிற் பற்றரியின் மின்சாரம் தைனமோவுக்குள் ஓடி வீணாகும். மற்றையது ஒழுங்காக்கி. அழுத்தம் உரிய அளவை எட்டியதும் இதன் தொடுகை பிரிந்து, புலச்சுருளின் பாதையில் ஒரு தடையைப் புகுத்தும். அழுத்தம் வீழ, மீண்டும் இணையும். ஒரு செக்கனிற் பலமுறை நிகழும் இந்தத் துடிப்பினாற் பற்றரியின் நிலைக்கேற்ப ஊட்டம் அமைந்தது. வறிய பற்றரிக்கு மிகுதியாகவும் நிறைந்ததற்குச் சிறிதாகவும் கொடுக்குங் கருவி இதுவே.

இவ்வகை வண்டியில் ஊட்டம் நின்றுபோனால் குறையைக் கண்டறியும் முறை மிக நேரானது. தைனமோவில் டீ, எஃப் என இரண்டு முனைகள் உண்டு. அவற்றிலுள்ள கம்பிகளைக் கழற்றிவிட்டு, முனைகளிரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அதற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே வோல்ற்றுமானியைப் பிடித்து, இயந்திரத்தை மெல்ல ஓட்டவேண்டும். முள் தடங்கலின்றி விரைந்தேறினால் தைனமோ நல்லது. குறை பெட்டியிலோ கம்பிகளிலோ உள்ளது. இந்நிலையில் இயந்திரத்தை முடுக்குதல் ஆகாது. தடுப்பாரில்லாத அழுத்தம் சுருள்களைக் கெடுத்துவிடும். முள் அசையாவிடில் முதலிற் பார்க்கவேண்டியது தூரிகைகளை. அவையும் நன்றாயின், இரும்பில் எஞ்சியிருக்கவேண்டிய காந்தத்தன்மை அற்றுப்போயிருக்கலாம். நெடுங்காலம் ஓடாதிருந்த தைனமோவுக்கு இது நேர்வதுண்டு. பற்றரியின் உடலோடு இணையாத முனையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, எஃப் முனையிற் கணநேரந் தொட்டால் அது மீளும். இதை அறியாதவர்களால் எத்தனை நல்ல தைனமோக்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டனவோ!

அக்காலத்துத் தைனமோக்களின் வலிமையும் சிறிது. லூக்காஸ் செய்தவற்றிற் பெரியதாகிய மூன்றங்குல வகை அறுபது வாற்று மட்டுமே தந்தது. ஆறு வோல்ற்றுக் கணக்கில் அது பத்து அம்பியர். வின்சென்ற் போன்ற உயர்ந்த வண்டிகளிற் பொருத்தப்பட்ட மில்லர் நிறுவனத்துத் தைனமோவோ ஐம்பது வாற்று. அதனை அகற்றிவிட்டு லூக்காசினதைப் பூட்டிக்கொண்டோர் பலர். இருளுக்கு லூக்காஸ் நிறுவனம் ஏகபோக உரிமை பெற்றிருக்கவில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

இவ்வாறு பதமாக வந்த ஏற்பாடு 1953ஆம் ஆண்டிலிருந்து பின்வாங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டின் டிரையம்ப் ஸ்பீட் ருவின் வண்டியில் தைனமோவும் மக்னீற்றோவும் நீங்கின; மாற்றிதண்டின் நுனியில் நிலைக்காந்தத்தைப் பொருத்தி, அதனைச் சூழச் சுருள்களை அமைத்த ஆடலோட்டப் பிறப்பாக்கி வந்தது. தூரிகைகள் இல்லை, தேய்வும் இல்லை, செலவுங் குறைவு. ஆனால் நிலைக்காந்தத்தின் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. அதனால் துடிக்கும் ஒழுங்காக்கிக்கு அங்கே வேலையில்லை. விளக்கின் ஆளியைத் திருப்பும்போது சுருள்கள் சில கூடவும் சில விலகவுஞ் செய்து உற்பத்தியை அளந்தனர். அதாவது, பற்றரியின் நிலையை அறியாத மூன்றாந் தூரிகைக் காலத்துக்கே மீண்டுஞ் சென்றனர். தீப்பொறியும் இப்போது பற்றரியையே நம்பியிருந்தது. பற்றரி வற்றினால் வண்டியே கிளம்பாது.

இதனை வடிவமைத்தோர் உணராதிருக்கவில்லை. ஆளியில் ‘அவசரம்’ என்றொரு நிலையை வைத்தனர். அதில் திருப்பினால் பிறப்பாக்கியின் மின்சாரம் நேரே தீப்பொறிச் சுருளுக்குச் செல்லும். வற்றிய பற்றரியோடும் இயந்திரம் உயிர்பெறும். சற்றுத் தூரம் ஓடியதும் பற்றரி ஊட்டம் பெற்று, அதன் அழுத்தம் எதிர்த்து நிற்க, இயந்திரம் தடுமாறும். ஆளியை வழமையான நிலைக்குத் திருப்புக என்று வண்டி தானே சொல்லும் மொழி அது. கைந்நூலைப் படியாதவர்கள் அத்தடுமாற்றத்தைப் புதியதொரு பழுதென்றெண்ணி எரிபொருட்கலவைக் கருவியைக் கழற்றியதும் உண்டு. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கிய செலீனியத் தகட்டுச் சீராக்கியும் தொட்டாற்சுருங்கி போன்றது. தகடுகளை இறுக்கிப் பிடிக்கும் நடுத்திருகைத் தளர்த்தினாற்கூட அது பயனற்றுப்போகும்.

1960களின் நடுவிற் பன்னிரண்டு வோல்ற்று முறை பரவியபோது, மிகுந்த மின்சாரத்துக்குப் புதிய வடிகால் கிடைத்தது. அமெரிக்கப் பௌதிக அறிஞர் கிளாறன்ஸ் செனரின் பெயர் தாங்கிய இருவாயி அது. ஏறத்தாழப் பதினான்கு வோல்ற்று வரை அது வாளாவிருக்கும். அதனைத் தாண்டியதும் மிகுதியைத் தன்வழியே ஓடவிட்டு வெப்பமாக்கிவிடும். காற்று நன்றாய்ப் படும் இடத்தில், அலுமினியத் துண்டொன்றின்மீது அதனை இறுகப் பொருத்தவேண்டும். அன்றேல் தன் வெப்பத்தால் தானே மாயும். உழைத்துப் பெற்றதைக் காற்றிற் கரைப்பது சிக்கனமாகாது எனினும், பற்றரி காக்கப்பட்டது. இவ்வகை வண்டியிற் பிறப்பாக்கியைச் சோதிப்போர் ஒன்றை மறத்தலாகாது: கம்பியைக் கழற்றி வெறுமனே அளந்தால் நலிந்த பிறப்பாக்கியும் நல்லதுபோற் காட்டும். ஓர் ஓம் தடையைச் சுமையாக வைத்து, நிமிடத்துக்கு மூவாயிரஞ் சுழற்சியில் ஒன்பது வோல்ற்றேனும் வருகின்றதா என்று பார்ப்பதே முறை.

1969ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் 750 வண்டியை வெளியிட்டபோது இவ்வரலாற்றின் பிரிந்த இழைகள் கூடின. ஆடலோட்டப் பிறப்பாக்கியே அதிலும் இருந்தது; ஆனால் நிலைக்காந்தத்துக்குப் பதிலாகப் புலச்சுருள், அதனை ஆளுவதற்கு ஒழுங்காக்கி. 1914இல் தோற்ற மின்கிளப்பியும் உடன் வந்தது. பேர்மிங்காமில் இவற்றை அறிந்த பொறியியலாளர் இருக்கவில்லை என்று கூறுவது தவறு. அவற்றிற்கு விலை கொடுக்க வண்டி செய்வோர் விரும்பவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகின்றது. இளவரசர் பட்டத்திற் பாதியையேனும் அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம்.

இன்று பழைய வண்டிகளைப் பேணுவோர், பழைய பெட்டியின் உள்ளேயே இலத்திரனியல் ஒழுங்காக்கியை மறைத்துவைக்கின்றனர். அதிற் பிழையில்லை. ஆனால் பெட்டியை மாற்றுமுன் அதன் ஈ எனப் பொறித்த முனையிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லுங் கம்பியைப் பார்த்தல் வேண்டும். அதிர்வைத் தாங்குவதற்காகப் பெட்டியை இறப்பர்மீது இருத்திய வண்டிகளில், பெட்டிக்கும் உடலுக்கும் அந்த ஒரு கம்பியே தொடர்பு. அது அறுந்தாலோ, அதன் திருகின்கீழ்ப் புதுவர்ணம் பூசப்பட்டிருந்தாலோ கட்-அவுட் இணையாது; தைனமோவும் பெட்டியும் பழுதற்றிருக்கப் பற்றரி வற்றும். திருகைக் கழற்றி, வர்ணத்தை உலோகந் தெரியச் சுரண்டி, மீண்டும் இறுக்குவதற்குப் பத்து நிமிடம் போதும்.