இசையை எண்ணாக்கிய கதை

ஓசை காற்றிலே அலையாய் எழுந்து அலையாய் மறைவது. பழைய இசைத்தட்டு அவ்வலையின் வடிவத்தையே தன் வரிப்பள்ளத்தில் தாங்கிநின்றது. தட்டுத் தேயத் தேய இசையும் தேய்ந்தது. அலையின் உயரத்தைக் கணத்துக்குக் கணம் அளந்து எண்களாய் எழுதிவைத்தால் என்ன என்று சிந்தித்தவர் அலெக் றீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1937இல் பாரிசில் பணியாற்றிய அவர் கருதியது இசையை அன்று, தொலைபேசியை. நெடுந்தூரம் செல்லும் பேச்சில் இரைச்சல் ஏறாது காப்பதே அவர் நோக்கம்.

இசைக்கு அம்முறை வந்துசேர முப்பது ஆண்டுகள் சென்றன. யப்பானிய ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. 1967இல் செய்த கருவி, ஒலியைச் செக்கனுக்கு 30,000 முறை அளந்தது. மனிதச் செவி செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை கேட்கவல்லது. அதனைப் பதிவதற்கு அதன் இருமடங்குக்கு மேற்பட்ட அளவைகள் வேண்டும். ஆகவே அக்கருவியில் உச்ச ஓசைகள் விடுபட்டே போயின.

பின்னர் பிலிப்சும் சோனியும் கூடி இறுவட்டுக்கு விதி வகுத்தபோது 44,100 என்னும் எண் நிலைபெற்றது. 44,000 என்றோ 45,000 என்றோ அமையாதது ஏன்? அத்துணை எண்களையும் ஏற்கத்தக்கதாய் அன்று கைக்கெட்டிய கருவி தொலைக்காட்சிப் படங்களைப் பதியும் நாடாக் கருவியே. செக்கனுக்கு 60 புலங்கள், புலமொன்றிற் பயன்படும் வரிகள் 245, வரிக்கு மூன்று எண்கள்; பெருக்கினால் 44,100. இசையின் அளவைப் படம் பதியும் பொறி நிருணயித்தது ஒரு விநோதமே!

எண்ணின் நுட்பத்திலும் பிணக்கு எழுந்தது. 14 இரும இலக்கங்கள் போதுமென்றது பிலிப்ஸ்; 16 வேண்டுமென்று நின்றது சோனி. வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் 14 இலக்கம் தருவது 16,384 படிகள். 16 தருவதோ 65,536. மெல்லிசை அடங்கி மறையும் வேளையில் இரைச்சல் தலைகாட்டாதிருப்பது இப்படிகளின் நெருக்கத்தாலேயே. சோனியின் கட்சி வென்றது. 14 இலக்க மாற்றியை ஏலவே ஆக்கிவைத்திருந்த பிலிப்ஸ் சோர்ந்துவிடவில்லை. அளவைகளை நான்கு மடங்காய்ப் பெருக்கி, அச்சிறு மாற்றியைக் கொண்டே 16க்கு ஒப்பான தெளிவைப் பெற்றது. செவிக்கு எட்டாத அதிர்வுகளை வெட்டும் வடிகட்டியும் இதனால் செங்குத்தாய் அமையவேண்டியதில்லை என்றாயிற்று. முதற்கால இறுவட்டின் ஒலி கரடுமுரடானது என்று முறையிட்டோர் பலர் குறைகூறியது அச்செங்குத்து வடிகட்டியையே.

1982 ஒக்டோபரில் இறுவட்டுக் கருவி யப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1972இல், டெனன் நிறுவனம் 13 இலக்கக் கருவியால் இசை பதியத் தொடங்கியிருந்தது. அவ்வாசிப்புகள் பின்னர் 16 இலக்க இறுவட்டில் ஏறியும், பதிந்த நாளில் அளந்த நுட்பத்துக்கு மேல் ஓர் இலக்கமும் பெறவில்லை.