ஊருக்குத் திரும்பிய தித்

ஒரு சமயத்தின் மேன்மையை நூல்களிற் படித்து அறிவோர் சிலர். அதனைக் கைக்கொண்டோரின் நடக்கையிற் கண்டு அறிவோரே பலர். பஞ்சாபின் வரலாறு இதற்குச் சான்று பகரும்.

இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் மாவட்டத்தில் தித் என்னும் எளியவர் வாழ்ந்தார். தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்ட சூஹ்ரா குலத்தவர், ஒரு கால் ஊனமுற்றவர், எழுத்தறிவு பெறாதவர், ஊர் ஊராகச் சென்று தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவர். நட்டு என்னும் ஜாட் கிறிஸ்தவரால் கிறிஸ்துவை அறிந்து, 1873இல் அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் மார்ட்டினிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

தம்மிடம் தங்கி மேலும் கற்கவேண்டும் என்று பாதிரியார் விரும்பினார். தித்தோ உடனே ஊர் திரும்பினார். உறவினர் சினந்தனர், அவரோடு உண்ணவும் பருகவும் மறுத்தனர். அவர் மனந்தளராது தம் பழைய தொழிலையே செய்து, அவர்கள் நடுவிலேயே வாழ்ந்தார். இரண்டே மாதங்களில் மனைவியும் மகளும் அயலார் இருவரும் ஞானஸ்நானம் பெற்றனர். மறு ஆண்டு மேலும் நால்வர். தோல் வாங்கச் சென்ற ஊர்களிலெல்லாம் தம் விசுவாசத்தை எடுத்துரைத்தார். 1915க்குள் அம்மாவட்டத்துச் சூஹ்ரா மக்களில் சில நூற்றுவர் நீங்கலாக ஏனையோர் கிறிஸ்தவராயினர்.

இளைஞர்களே! மிஷன் வளாகத்திலேயே தித் தங்கியிருந்தால், அவர் ஒருவரே கரையேறியிருப்பார். கல்வி பெற்ற நாமும் பிறந்த சேரியை மறந்து அகன்றால், நம்மைக் கண்டு கற்பவர் யார்? சிந்திப்போம்.