ஆற்றின் இரு கரைகள்

ஆற்றைக் கண்டால் அரசர்களுக்கு எல்லை என்று தோன்றும். குடியானவனுக்குத் துறை என்று தோன்றும். போர்ச்சுகலின் வடக்கே ஓடும் டோரோ நதியின் சரித்திரம் இந்த இரண்டு எண்ணங்களுக்கும் இடையே நடந்த வழக்கு என்றே சொல்லலாம்.

ஸ்பெயினில் பிறந்து, மலைகளை அறுத்துக்கொண்டு வந்து, போர்த்தோ நகரத்தருகே கடலில் கலக்கிறது அந்த நதி. மேற்பகுதியில் இரு புறமும் செங்குத்தான சரிவுகள். மண் என்று சொல்லத்தக்கது அங்கே அதிகமில்லை. பலகை பலகையாகப் பிளக்கும் பாறைதான். அந்தப் பாறையை உடைத்து, அதே கல்லால் சுவர் எழுப்பி, படிப்படியாகத் தளம் அமைத்துத் திராட்சைக்கொடி நட்டார்கள் மக்கள். விளைந்த ஒயின் பீப்பாய்களில் ஏறிப் படகு வழியாகக் கடற்கரை சேர்ந்தது. அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்து போயிற்று. 'போர்ட்' என்று உலகம் அழைப்பது இதைத்தான்.

புகழ் வந்தால் போலியும் வரும் அல்லவா? மட்டமான சரக்கில் நிறத்துக்காக வேறு பழச்சாற்றைக் கலந்து விற்றார்கள் சிலர். 1756-ல், பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்ற மந்திரி, இந்த வியாபாரத்துக்கென ஒரு கம்பெனியை நிறுவி, நல்ல ஒயின் விளையும் நிலத்துக்கு எல்லை வகுத்தார். 335 கருங்கற்கள் நடப்பட்டன. கல்லுக்கு உள்ளே நிலம் வைத்திருந்தவனுக்கு நல்ல விலை. வெளியே இருந்தவனுக்கு ஏமாற்றம். கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757-ல் போர்த்தோவின் ஏழை ஜனங்கள் கலகம் செய்தபோது, மந்திரி தூக்குமேடையால் பதில் சொன்னார்.

கொடுமையானாலும், அந்தக் கற்கள் நதியின் இரு கரைகளையும் ஒரே நாடாகக் கண்டன. 1835-ல் வந்த ஜில்லாப் பிரிவினை அப்படிக் காணவில்லை. வடகரை ரேகுவா ஒரு ஜில்லா. தென்புறத்து லமேகோ வேறு ஜில்லா. 1860-களில் திராட்சை வேரைத் தின்னும் பூச்சி வந்து தோட்டங்களை அழித்தது. அது எந்த ஜில்லா என்று பார்த்தா அழித்தது?

1976-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பிரதேச ஆட்சிகள் அமையும் என்றது. ஆனால் 1998-ல் ஜனங்களிடம் வாக்குக் கேட்டபோது, வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மிஞ்சியது எளிய ஏற்பாடு ஒன்று: பக்கத்து முனிசிபாலிடிகள் கூடிக்கொள்வது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உருவம் தந்தது. நான்கு ஜில்லாக்களைச் சேர்ந்த 19 முனிசிபாலிடிகள் இன்று 'டோரோ' என்ற ஒரே சமூகம். வீலா ரியால் அதன் தலைநகர். 19 தலைவர்களும் ஒரு சபையில் அமர்கிறார்கள். பஸ் போக்குவரத்து, ஐரோப்பிய யூனியனின் நிதி போன்ற பொதுக் காரியங்களைச் சேர்ந்து கவனிக்கிறார்கள்.

ஆக, குடியானவனின் கட்சி ஒருவாறு வென்றுவிட்டது. ஆனால் குடியானவன் எங்கே? 2011-ல் 2 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை, 2021-ல் சுமார் 1 லட்சத்து 84 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. அந்தத் திராட்சை மலைகளை 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது உண்மை. ஆயினும் மழையில் சரிந்த சுவரைப் பட்டயம் எடுத்துக் கட்டாது. மனிதக் கைதான் கட்ட வேண்டும். எல்லை வகுக்க ஒரு மந்திரி போதும். ஊர் என்று ஒன்று இருப்பதற்கு ஜனங்கள் வேண்டும்.