அக்காவுக்குக் கொடுக்காத மாத்திரை



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் பண்ணினான். அவன் அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. வலிக்கு டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார். "டீச்சர், அது அபின்ல இருந்து எடுக்குறது, ஆளையே அழிச்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க? அம்மாவுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். வகுப்பில் நான் சொன்னது பாதிதான்.

குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபின். (கசகசாவுக்குப் பயப்பட வேண்டாம், போதை அந்தப் பாலில்தான்.) 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபினைக் கம்பெனியின் தனி உரிமை ஆக்கினார். அது சீனாவுக்குக் கப்பலேறியது. சீன அரசு தடுத்ததும் 1839-இல் போரே மூண்டது. கங்கைக் கரையில் காஜிப்பூரில் வெள்ளைக்காரன் கட்டிய அபின் ஆலை இன்றும் ஓடுகிறது, மருந்துக்காக.

1800-களின் தொடக்கத்தில் செர்டூர்னர் என்ற ஜெர்மானிய இளைஞர் அபினிலிருந்து வலியைப் போக்கும் சத்தைத் தனியே பிரித்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வம் மார்ஃபியஸின் பெயரை அதற்கு வைத்தார். அதுதான் மார்ஃபின். 1898-இல் பேயர் கம்பெனி அதை மாற்றிச் செய்த ஹெராயினை இருமல் மருந்தாகவே விற்றது.

இந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 1973-இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் மூளையில் இதற்கென்றே பூட்டுகள் இருப்பதைக் காட்டினார்கள். சாவி வெளியே ஒரு செடியில், பூட்டு நம் தலைக்குள். எப்படி? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் விடை சொன்னார்கள்: நம் மூளையே அப்படிப்பட்ட சாவிகளைச் சுரக்கிறது.

அந்தப் பூட்டுகள் பல இடங்களில் உண்டு. முதுகுத்தண்டில் திறந்தால் வலி அடங்கும். குடலில் திறந்தால் மலச்சிக்கல். இன்பம் உணரும் இடத்தில் திறந்தால் இன்னும் கேட்கச் சொல்லும். மூளையின் அடித்தண்டில் அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். மருந்தும் விஷமும் ஒரே சாவிதான். அளவும் தேவையும்தான் வேறு.

இனி நம் நாட்டுக் கதை. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அன்று அதில் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை என்றிருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பல மாநிலங்களில் மார்ஃபின் வாங்க ஆஸ்பத்திரிகள் நாலைந்து லைசென்ஸுக்கு அலைய வேண்டியிருந்தது. எதற்கு வம்பு என்று மருந்துக் கடைகளும் விட்டுவிட்டன. நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்து, 1997-இல் 18 கிலோவுக்கு வந்தது. உலகத்துக்கு அபின் ஏற்றுமதி செய்யும் நாட்டில், நம் நோயாளிக்கு மட்டும் இல்லை.

அந்தக் காலத்தில்தான், 1996-இல், என் அக்கா கர்ப்பப்பைப் புற்றுநோயோடு அனுமந்தன்பட்டி வீட்டில் படுத்திருந்தாள். ராத்திரி அவள் கத்துவது தெருக்கோடி வரை கேட்கும். குமுளிக்கு அந்தப்பக்கம் ஒரு டாக்டர், "மார்ஃபின் தர்றேன், வலி குறையும்" என்றார். அப்போதே கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முதலானவர்கள் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் பரவத் தொடங்கியிருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். "சாகப்போற நேரத்துல போதைக்கு அடிமை ஆக்கணுமா?" என்று கேட்டேன். படித்தவள் சொன்னால் வீட்டில் மறுபேச்சு ஏது? அக்கா இரண்டு மாதம் அப்படியே கிடந்து போனாள்.

அதே 1996-இல் அமெரிக்காவில் ஆக்ஸிகோண்டின் என்ற மாத்திரை கடைக்கு வந்தது. அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றார்கள். 2007-இல் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் அழிந்துவிட்டன. அங்கே பயமே இல்லாமல் கொடுத்தார்கள். இங்கே பயத்தினாலேயே கொடுக்கவில்லை.

2014-இல் நம் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட வலி மருந்துகளை ஆஸ்பத்திரிகள் ஒரே அனுமதியில் வாங்க வழி பிறந்தது. அப்படித்தான் அந்த மாத்திரை என் மாணவனின் அம்மா கைக்கு வந்தது.

அவனிடம் சொன்னேன்: "கொடுப்பா. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நேரம். மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்கு. ரொம்பத் தூங்கி வழிந்தாலோ மூச்சு மந்தமானாலோ உடனே கூப்பிடு. மாத்திரையை எண்ணிப் பூட்டி வை. மிச்சமிருந்தால் திருப்பிக் கொடு."

பூட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கிறோம். மருந்துக் கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளே, சீட்டில்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். சீட்டோடு வருகிறவரைச் சந்தேகமாகவும் பார்க்காதீர்கள்.

நேற்று அவன் மறுபடி கூப்பிட்டான். "அம்மா ராத்திரி தூங்கினாங்க டீச்சர்" என்றான். போனை வைத்துவிட்டு அக்கா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்