சுவர் சொல்லும் வரலாறு

ஜூபிலியை முன்னிட்டு நமது பங்கு இல்லத்தின் வெளிச்சுவரைச் சுரண்டியபோது, பழைய பூச்சுகள் ஏடு ஏடாக உதிர்ந்தன. மேலே பிளாஸ்டிக் பெயின்ட், அதன்கீழ் சிமென்ட் பெயின்ட், அதற்கும் கீழே எண்ணி மாளாத சுண்ணாம்புப் பூச்சுகள். நம் ஊர் வீடுகளின் வரலாறே அந்தச் சுவரில் அடுக்கடுக்காய் இருக்கக் கண்டோம். அதனை இம்மலரில் பதிந்து வைப்பது பயனுடையதெனக் கருதுகிறோம்.

கொங்கு நாட்டின் பழைய வீடுகள் செம்மண் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்டவை. மார்கழிக் கடைசியில் காப்புக்கட்டு வரும். பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ ஆகியவற்றைக் கூரையில் செருகுமுன் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அதே வேலை கிறிஸ்மஸை ஒட்டிச் சற்று முன்னதாகவே வந்துவிடும். காளவாயில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பானையிலிட்டு நீரூற்றினால் அது கொதித்துப் பொங்கி நீறும். அதைத் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்கு அரிசிக் கஞ்சியும், பளிச்சிடச் சிறிது நீலமும் கலப்பார்கள். நுனியைத் தட்டி நாராக்கிய தென்னை மட்டையே பிரஷ்.

இவ்வேலைக்குப் பின்னே ஓர் அறிவியல் உண்டு. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிச் சுவரில் பூசியபின் அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல இழுத்து, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது. ஆயினும் அதன் நுண்துளைகள் அடைபடுவதில்லை. மண் சுவருக்குள் ஏறிய ஓதம் அவற்றின் வழியே வெளியேறிவிடும். மேலும், புதுச் சுண்ணாம்பின் காரம் கிருமிகளைக் கொல்லும். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அரசாங்கமே வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் செய்தது இதனால்தான்.

வீட்டுச் சுவரைப் பேணும் முறையை விவிலியமும் பேசுகிறது. லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தில், கறை படர்ந்த வீட்டைக் குரு முதலில் வந்து பார்வையிட வேண்டும். ஏழு நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். கறை பரவியிருந்தால் கெட்ட கற்களை அகற்றி, சுவரைச் சுரண்டி, புதுச் சாந்து பூச வேண்டும் என்ற ஒழுங்கு காணப்படுகிறது. முதலில் பார்ப்பது, பிறகு பழுது நீக்குவது, கடைசியாகப் பூசுவது!

நம் முன்னோரின் வெள்ளையடிப்பும் இதுவே. சுண்ணாம்பு ஓராண்டில் மங்கிவிடும் என்பதைக் குறையாகச் சொல்வர். அந்தக் குறைதான் வீட்டைக் காத்தது. ஆண்டுக்கொரு முறை குடும்பமே சுவரைத் தடவிப் பார்த்தது; எலி வளை, வெடிப்பு, நகர்ந்த ஓடு எல்லாம் சிறிதாக இருக்கும்போதே அடைபட்டன.

பிறகு காலம் மாறியது. 1902இல் கல்கத்தாவை அடுத்த ஹௌராவில் ஷாலிமார், 1942இல் பம்பாயில் ஏஷியன் பெயின்ட்ஸ் எனப் பெயின்ட் கம்பெனிகள் தோன்றின. 1930களில் கோவையை அடுத்த மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்தது. 1980களில் பனியன் ஏற்றுமதி பெருகவே, திருப்பூரில் சிமென்ட் வீடுகளும் பெருகின. பல ஆண்டு தாங்கும் பெயின்ட் கிடைத்ததும் நாம் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். பழைய மண் சுவர்களின்மேலும் சிமென்டையும் பிளாஸ்டிக் பெயின்டையும் பூசினோம். ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரைக் கரைக்கலாயிற்று.

நம் பகுதிக்கு இன்னொரு துன்பமும் சேர்ந்தது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு மிகுதியாக வேண்டும். அக்கழிவு நீர் நொய்யலில் கலந்து நிலத்தடி நீரையும் உப்பாக்கியது. பாசனத்துக்கென எழுப்பிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும், கழிவு நீரை வெளியே விடாத ஏற்பாட்டுடன் அவை பின்னர் திறக்கப்பட்டதும் நாம் அறிந்தவையே. உப்பு நீரில் குழைத்த கலவையில் கட்டிய சுவரில், நீர் உலர உலர உப்பு வெளியே பூக்கும். எத்தனை உயர்ந்த பெயின்டும் அங்கே உப்பி உரிந்துவிடும்.

ஆகவே, வீட்டுக்கு வர்ணம் பூச முற்படுவோர் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் நன்கு உலரட்டும் என்று காத்திருங்கள். ஒழுகலை அடைத்து, உப்பை உலர்ந்த பிரஷால் துடைத்து, வெடிப்பைப் பூசி, பட்டி பார்த்த பின்னரே பெயின்ட் டப்பாவைத் திறங்கள். மண் சுவருக்குச் சுண்ணாம்பே போதும். அடிக்குமுன் சுவரை நனைத்து, நீர்க்கக் கரைத்துப் பலமுறை அடியுங்கள். பழைய பெயின்டை உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்க வேண்டாம். அதில் ஈயம் இருக்கலாம். அத்தூசி குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாதென்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஜூபிலி முடிந்து தோரணங்கள் இறங்கிவிடும். ஆண்டுக்கொரு நாள், அது கிறிஸ்மஸானாலும் பொங்கலானாலும், குடும்பத்தோடு வீட்டைச் சுற்றி வந்து சுவரைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் திரும்பட்டும். அழகு அதன்பின் தானே வரும்.