புளொக்பஸ்டரைக் கொன்றது யந்திரமா?

யந்திரமே மனிதனின் தொழிலைப் பறித்தது என்ற கூற்றை நாம் அடிக்கடி கேட்கிறோம். அமெரிக்காவின் புளொக்பஸ்டர் வீடியோ வாடகைக் கடைகள் மறைந்தமைக்கும் இதே காரணமே கூறப்படுகிறது. இணையம் வந்தது, கடை மூடப்பட்டது என்பர். வரலாற்றை ஆராயுமிடத்து, இது பாதி உண்மையே என்பது புலனாகும்.

1984 இல், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டிலே பதிவுசெய்து பின்னர் பார்ப்பது குற்றமன்று என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலைகொடுத்து வாங்கிய வீடியோ நாடாவை வாடகைக்கு விடுவதற்கும் அந்நாட்டுச் சட்டம் இடமளித்தது. சிறு வணிகர் பலர் கடை திறந்தனர். 1985 ஒக்டோபரில் டலஸ் நகரில் டேவிட் குக் என்பவர் முதலாவது புளொக்பஸ்டர் கடையைத் தொடங்கினார். 1987 இல், குப்பை அகற்றும் தொழிலிற் செல்வம் ஈட்டிய வேய்ன் ஹைசெங்கா அதிலே முதலிட்டார். அதன்பின் ஏனைய கடைத்தொகுதிகளை விலைக்கு வாங்கி அந்நிறுவனம் பெருகிற்று.

1998 அளவில் ஹொலிவூட் படநிறுவனங்களுடன் அது ஓர் உடன்பாடு கண்டது. சிறு வணிகர் ஒரு நாடாவுக்கு ஏறத்தாழ 65 டொலர் கொடுத்தனர். புளொக்பஸ்டரோ சில டொலரும் வாடகை வருவாயிற் பங்கும் கொடுத்து நாடாக்களைக் குவித்தது. சிறு வணிகர் தொடுத்த வழக்கு 2002 இல் தள்ளுபடியாயிற்று. இணையத்திற்கு முன்னரே சிறு கடைகளை நசுக்கியது பெருமூலதனமன்றோ?

வாடிக்கையாளரிடமும் இம்மூலதனம் இரக்கம் காட்டவில்லை. நாடாவைப் பிந்தித் திருப்பிக் கொடுத்தோரிடம் அறவிட்ட தண்டப்பணம் மட்டும் 2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 800 மில்லியன் டொலர். மக்களின் மறதியே இலாபமாயிற்று.

1994 இல் வயாகொம் என்னும் பெருநிறுவனம் புளொக்பஸ்டரைத் தன்னுடன் இணைத்துக் கொண்டது. பரமவுண்ட் படநிறுவனத்தை வாங்குவதற்குப் புளொக்பஸ்டரின் பணம் அதற்குத் துணைபுரிந்தது. பத்தாண்டுகளின் பின், 2004 இல், வயாகொம் அதனைப் பிரித்துவிட்டது. அவ்வேளை புளொக்பஸ்டர் கடன்பட்டுப் பங்குதாரருக்கு ஏறத்தாழ 900 மில்லியன் டொலர் விசேட பங்கிலாபம் வழங்கிற்று. அதிற் பெரும்பங்கு வயாகொமுக்கே சென்றது. அப்போது ஏறத்தாழ 9,000 கடைகளில் 84,000 பேர் வேலை செய்தனர். பணம் முதலாளிகளின் பையிற் சேர்ந்தது. கடன் கடையின் தலையிற் சுமத்தப்பட்டது.

நெற்பிளிக்ஸ் தபால்மூலம் இறுவட்டுகளை அனுப்பியதும், 2007 முதல் இணையவழி படம் காட்டியதும் பெரும் போட்டியே, மறுப்பதற்கில்லை. ஆயின் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறப் பணம் வேண்டிய வேளையிலே, வருமானம் வட்டிக்குப் போயிற்று. 2010 செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்தது. 2011 இல் டிஷ் நெற்வேர்க் என்னும் செய்மதித் தொலைக்காட்சி நிறுவனம் அதனை ஏலத்தில் வாங்கியது. எஞ்சியிருந்த சொந்தக் கடைகளை 2014 இன் தொடக்கத்துடன் மூடுவதாக 2013 இல் அது அறிவித்தபோது, வேலையிழக்க நேர்ந்தோர் ஏறத்தாழ 2,800 பேர். கடன்பட முடிவு செய்தவர்கள் இவர்களல்லர்.

யந்திரத்தைக் குற்றஞ்சாட்டும்போது கணக்கேட்டை எழுதியவர்கள் தப்பிவிடுகிறார்கள். ஒரு தொழிலகம் மூடப்பட்டதெனக் கேள்விப்படும்போது, எந்த யந்திரம் வந்தது என்று மட்டும் கேளாது, யார் கடன்பட்டார்கள், யார் பணத்தைக் கொண்டு சென்றார்கள் என்றும் நாம் கேட்கப் பழகுவோம். நம் மாணவரையும் கேட்கப் பழக்குவோம்.